பிஸ்கட்டால் மறைத்த சூரியன்

"அம்மாவை மறைச்சு வெச்சிட்டா, அம்மா அங்கதான் இருக்கான்னு அந்தப் பாப்பாவுக்குத் தெரியுமா?"

என் மகள் இதைக் கேட்டு ஒரு மழைக்காலம் முடியப்போகிறது. அன்று நான் பதில் சொல்லவில்லை. பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை. அதற்குப் பிறகு அவள் எத்தனையோ கேட்டாள். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஏதோ சொல்லிவிட்டேன். இது மட்டும் அப்படியே நிற்கிறது.

அவள் கேட்ட பாப்பா ஒரு கோள். அம்மா என்றது ஒரு நட்சத்திரத்தை. மறைத்து வைத்தவர்கள் நாங்கள்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வங்காளத் தலைநகரின் சால்ட் லேக் பகுதியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறேன். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து, சிலி நாட்டில் ஒரு வறண்ட மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கிக்காக ஒரு கருவியைச் செய்துகொண்டிருக்கிறோம். வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களில், பிறந்து அதிக காலமாகாத பெரிய கோள்களைப் பார்ப்பதற்கான கருவி அது. வியாழனைவிடப் பல மடங்கு கனமானவை. உருவானபோது உண்டான சூடு இன்னும் ஆறவில்லை. அந்தச் சூட்டிலேயே, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், மங்கலாக ஒளிர்கின்றன. அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அவற்றின் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். நீராவி இருக்கும், கார்பன் மோனாக்சைடு இருக்கும். சிலவற்றில் பொடி மணலால் ஆன மேகங்கள்கூட இருக்கும்.

ஆனால் பக்கத்திலேயே நட்சத்திரம் இருக்கிறது. நவராத்திரிப் பூஜைப் பந்தலின் விளக்கு அலங்காரத்துக்கு முன்னால் ஒருவர் ஒற்றை ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தெருமுனையிலிருந்து அந்த நுனிச் சிவப்பைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கருவிக்குள்ளே மிகச் சிறிய கறுப்பு வட்டு ஒன்றை வைத்து முதலில் நட்சத்திரத்தை மறைக்கிறோம். அப்படியும் கதவிடுக்கில் வெளிச்சம் கசிவதுபோல விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் வரும். கசிந்த வெளிச்சம் எது, கோளின் வெளிச்சம் எது என்று பிரிக்கிற கணினி நிரல் என்னுடையது. அதை எழுதத் தொடங்கியபோது மகள் வயிற்றில் இருந்தாள்.

வானியல் என்றதும் மொட்டைமாடியில் படுத்து வானம் பார்ப்பேன் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் குடியிருக்கும் டாக்குரியாவில் மொட்டைமாடியில் படுத்தால் தெரிவது தெருவிளக்கின் மஞ்சளும் புகையும்தான். நிலா இருந்தால் பாதி கரைந்த சோப்புபோலத் தெரியும். நான் வேலை செய்கிற நட்சத்திரங்களில் ஒன்றைக்கூட வெறுங்கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் காய்ந்த துணியை எடுக்கும்போது அண்ணாந்து பார்க்கிறேன். இந்த வெள்ளைப் புகைக்குப் பின்னால்தான் எங்கேயோ அந்தக் கோள் இருக்கிறது, மெதுவாக ஆறிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நிற்கிற நேரத்தில் கையிலிருக்கிற துணி மறுபடி ஈரமாகிவிடும். இந்த ஊர்க் காற்று அப்படி.

இதேபோன்ற பழைய கருவி ஒன்று எடுத்த கோளின் படத்தை மகள் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே விடாத மழை. சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்திருந்தேன். அவள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கையில் பாதி தின்ற பிஸ்கட்.

"இது என்ன?"

"நட்சத்திரம்."

"எங்க? கறுப்பாதானே இருக்கு?"

"கறுப்பா இருக்கற எடத்துலதான் இருக்கு. மூடி வெச்சிருக்கோம்."

"இது?" பிஸ்கட் பொடி ஒட்டிய விரலைத் திரையில் வைத்தாள். சரியாக அந்தப் புள்ளியின் மேல்.

"அது பாப்பா. அந்த நட்சத்திரம்தான் அதோட அம்மா."

"அம்மாவை ஏன் மூடினீங்க?"

"அம்மா ரொம்ப வெளிச்சம்டா. அம்மா இருந்தா பாப்பா தெரியாது."

மழைச் சத்தத்தில் ரயில் ஒன்று போனது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

எளிமையான பதில் இருக்கத்தான் செய்கிறது. வட்டு இருப்பது கருவிக்குள். கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் எதுவுமில்லை. பாப்பா எப்போதும்போல அம்மாவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மறைந்திருப்பது நமக்கு மட்டும். இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது, அவள் கேட்டது இதையல்ல என்று தோன்றியது. அதனால்தான் இல்லாத பால் பொங்கியது.

அம்மா என்று சொன்னதே தப்போ என்று பிறகு யோசித்தேன். நட்சத்திரமும் கோளும் ஒரே வாயுவிலிருந்தும் தூசியிலிருந்தும் வந்தவை. சரியாகச் சொன்னால் அது அம்மா இல்லை, அக்கா. அக்காவை மூடினோம் என்றிருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

இந்த ஒரு கேள்விக்கு நான் இவ்வளவு மிரண்டதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் குழுத் தலைவியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. பூஜை விடுமுறை முடிந்த கையோடு கருவியைத் தொலைநோக்கியில் பொருத்துகிறார்கள். முதன்முதலாக உண்மையான நட்சத்திர ஒளி அதில் விழும்போது, நிரலை எழுதியவள் பக்கத்தில் இருந்தால் நல்லது. இரண்டு மாதம். வர முடியுமா, பூஜைக்கு முன்னால் சொல். முடியாது என்றால் வேறொருவரைத் தயார் செய்யலாம், அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆளனுப்பிக் கட்டாயப்படுத்தினால் திட்டிக்கொண்டே போகலாம். போகக்கூடாது என்று வீட்டில் யாராவது சொன்னால் அழுதுகொண்டே இருந்துவிடலாம். இரண்டும் இல்லை. மூன்று வயதுக் குழந்தையை இரண்டு மாதம் விட்டுவிட்டுப் போவதா, வேண்டாமா என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் கணவர் சாந்த்ராகாச்சி யார்டில் ரயில்வே பொறியாளர். ஷிப்டு முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"போயிட்டு வா. நான் பார்த்துக்கறேன்" என்றார். ஒரு ஷூகூட முழுதாகக் கழறவில்லை, அதற்குள்.

அவ்வளவு சீக்கிரம் சொன்னதே எனக்குக் கோபமாக வந்தது. "நீங்க பார்த்துப்பீங்களா? அவளுக்குப் பால் எந்த டம்ளர்ல குடுக்கணும், சொல்லுங்க."

"மஞ்ச டம்ளர்."

"அது போன மாசம்."

"சரி, இப்ப?"

"மூடி போட்டிருந்தா எதுலயும் குடிக்கமாட்டா. மூடி இல்லாத எந்த டம்ளரும் பரவாயில்ல."

"அப்ப ஈஸியா போச்சே!" என்று அடுத்த ஷூவைக் கழற்றினார்.

மதுரையில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். எங்கள் அப்பா துறைமுக வேலையாக இந்த ஊருக்கு வந்தவர். அக்காவும் நானும் இங்கேதான் படித்தோம். அவள் கல்யாணமாகி மதுரைக்குப் போய், இந்த ஊரில் இருந்ததையே மறந்த மாதிரிப் பேசுவாள்.

"ஏன்டி, ரெண்டு மாசத்துல புள்ள உன்னைய மறந்துரும்டி. நான் ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்தப்ப என் சின்னவன் என்ன பண்ணான் தெரியும்ல? 'இந்த ஆன்ட்டி யாரு'ன்ட்டான்."

"அது வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா."

"உனக்கு வெளையாட்டு. நான்ல அழுதேன். ஏன், அந்தக் கெரகம் எங்கயும் ஓடியா போகப்போகுது? அடுத்த வருசம் போயிப் பாரு."

அவள் சொன்னது உண்மை. அந்தக் கோள் எங்கும் ஓடாது. இன்னும் பல லட்சம் வருடங்களுக்கு அது இளங்கோள்தான். நான் போகாவிட்டால் இன்னொருவர் பார்ப்பார், அவரும் இல்லையென்றால் இன்னொருவர். ஆனால் என் மகள் அடுத்த வருடம் வேறு குழந்தையாகியிருப்பாள். இதை நினைத்தால் போகக்கூடாது என்று தோன்றும். அப்படித் தோன்றிய உடனே, அடுத்த வருடம் அவள் வேறு குழந்தையாகி என்னை வேறு விதமாகத் தேடினால் அப்போதும் போகமாட்டேனா என்று தோன்றும். பல் தேய்க்கும்போது ஒரு முடிவு, பஸ்ஸில் ஒரு முடிவு.

மகளைப் பகலில் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டுக் காக்கிமா. வீட்டுக்காரர் மனைவி. மகள் கூப்பிடுவதைப் பார்த்து நாங்களும் காக்கிமா, அதாவது சித்தி, என்றே கூப்பிடுகிறோம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. கீழே முன்னறையில் சில குழந்தைகளை வைத்து ஒரு க்ரெஷ் நடத்துகிறார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் குழந்தையின் அம்மா முதலில் அறைக்குள் உட்காரலாம், பிறகு வாசற்படியில். அதற்குப் பிறகு, காக்கிமாவின் பழைய பருத்திப் புடவையில் தைத்த திரைக்குப் பின்னால் நடைவழியில் நிற்கலாம். நடைவழி இருட்டு, அறை வெளிச்சம். இருட்டிலிருந்து பார்த்தால் மெல்லிய துணி வழியாக உள்ளே எல்லாம் தெரியும். உள்ளேயிருந்து பார்த்தால் புடவை மட்டும்தான்.

மகளைச் சேர்த்த புதிதில் என்னால் முழுதாக மறைந்து நிற்க முடியவில்லை. ஓரத்தை விலக்கி எட்டிப் பார்ப்பேன். அவள் உடனே திரும்புவாள், உதடு பிதுங்கும். நான் ஒளிவேன், மறுபடி எட்டிப் பார்ப்பேன். காக்கிமா வங்க மொழியில் ஒரு நாள் உரக்கச் சொன்னார்: "பௌமா, ஒண்ணு உள்ள வந்து உக்காருங்க, இல்ல ஆபீஸுக்குப் போங்க. இப்படி அரைகுறையா நிக்காதீங்க. இங்க எனக்குப் புள்ளைங்களே போதும்." பௌமா என்றால் மருமகள். வீட்டுப் பெண் என்ற உரிமையில்தான் திட்டுவார்.

எங்கள் கருவியிலும் இதே தொல்லை உண்டு. வட்டு மயிரிழை விலகினாலும் ஒரு பக்கமாக ஒளி கொட்டும். அதைவிட மறைக்காமலே இருக்கலாம். இது எனக்கு வேலையில் தெரியும். நடைவழியில் தெரியவில்லை.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமல் இருந்த நாட்களில் நிரலில் கைவைத்துக்கொண்டே இருந்தேன். மனசு சரியில்லையென்றால் சிலர் அலமாரி அடுக்குவார்கள். எனக்கு அது. நட்சத்திரத்தின் கசிவைக் கோள் என்று நிரல் தவறாகச் சொல்லிவிட்டால்? மலையில் எல்லோர் முன்னாலும் அப்படி ஆகிவிட்டால்? சந்தேகமான ஒவ்வொரு துளி ஒளியையும் எடுத்துவிடும்படி இறுக்கினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம். சோதனைப் படங்களில் யாராவது ஒருவர் பொய்க்கோள்களை ஒளித்து வைப்பார். எங்கே வைத்தார் என்று சொல்லமாட்டார். என் நிரல் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தடவை நிரல் முடித்துத் தந்த படம் கழுவிவிட்ட கரும்பலகைபோல இருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கறை இல்லை. இவ்வளவு சுத்தமாக வந்ததே இல்லை. பெருமையாக அனுப்பிவைத்தேன். இந்தத் தடவை கோளே வைக்கவில்லை போலிருக்கிறது, என்னைச் சோதிக்கிறார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் குழுத் தலைவி திரையில் வந்தார். அவர் நிதானமான ஆங்கிலத்தில் பேசுவார். "அழகாக இருக்கிறது. சமையலறை மேடை மாதிரி இருக்கிறது. நான் வைத்த மூன்று கோள்கள் எங்கே?"

மூன்றையும் என் நிரல் துடைத்து எறிந்திருந்தது.

எப்படி என்று சொல்கிறேன். பூமி சுழலும்போது தொலைநோக்கியின் பார்வையில் வானம் மெதுவாகத் திரும்பும். கருவியில் பட்டுக் கசியும் நட்சத்திர ஒளி இருந்த இடத்திலேயே இருக்கும். கோள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எது நகராமல் இருக்கிறதோ அதைக் கழித்துவிட்டால் நகர்வது மிஞ்சும். ஆனால் நட்சத்திரத்துக்கு மிக அருகில் இருக்கிற கோள் அதிகம் நகராது. நிரலை ரொம்ப இறுக்கினால் அந்தக் கோளையும் கசிவு என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். இது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன்.

"கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும்" என்றார் தலைவி. "அழுக்கு இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்." பிறகு, குரலை மாற்றாமல், "மலைக்கு வருவதைப் பற்றி யோசித்தாயா?" என்றார். "யோசித்துக்கொண்டே இருக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். அது பரிவா, அலுப்பா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அன்று மத்தியானம் பிடித்த மழை நிற்கவேயில்லை. சாயந்திரம் பஸ் பைபாஸில் தண்ணீருக்கு நடுவில் நின்றுவிட்டது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. சிவப்பு விளக்குகள் மட்டும் கரைந்து கரைந்து ஓடின. காக்கிமாவைக் கூப்பிட்டேன், தொலைபேசி அணைந்திருந்தது. கணவர் யார்டில் இருந்தார், அங்கும் தண்ணீர். ஒன்றும் செய்வதற்கில்லை. பயப்படுவதற்குக்கூடக் களைப்பாக இருந்தது. கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அப்போது அந்தக் கோளுக்குள் இருப்பதுபோல ஒரு நினைப்பு வந்தது. கனவு என்று சொல்ல முடியாது, கண் திறந்துதான் இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அடர்ந்த செம்பழுப்பு ஒளி. அது வெளியிலிருந்து வருவதில்லை. கீழேயிருந்து, உள்ளேயிருந்து, பிறந்த சூடு எழும்பி வருகிறது. மணல் மேகங்கள் மிதந்து போகின்றன. கால் வைக்கத் தரையே இல்லை. கீழே கீழே கனத்துக்கொண்டே போகிற காற்று மட்டும். சத்தம் இருக்குமா? பெரிய காற்று அடிக்கும், கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. தூரத்தில் ஒரு பிரகாசமான புள்ளி. அதுதான் அம்மா. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அம்மாவும் ஒரு புள்ளிதான். இது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. படத்தில் எப்போதும் நட்சத்திரம்தான் பெரிது, கோள் புள்ளி.

பக்கத்து சீட்டுப் பெண்மணி தன் குடைத் தண்ணீரை என் காலில் விட்டுக்கொண்டிருந்தார். எங்கும் நீர். அங்கே நீராவியைத் தேடுகிற நாங்கள், முதலில் நம் காற்றிலுள்ள நீராவியின் தடத்தைக் கழிக்க வேண்டும். அந்த ஒளி கடைசியில் இதைக் கடந்துதானே வருகிறது. அதனால்தான் மழையே இல்லாத மலை. மகளுக்கு மழையில்லாத ஊரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பஸ் அசைந்தது.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தேன். தெருவில் மின்சாரம் இல்லை. நடைவழி கும்மிருட்டு. முன்னறையில் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. உள்ளே ஓடத்தான் வந்தேன். அழுகைச் சத்தம் கேட்டு, திரைக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டேன்.

அழுதது என் மகள் இல்லை. க்ரெஷில் எல்லோருக்கும் சின்னதான ஒரு குழந்தை, நடக்கவே இப்போதுதான் பழகுகிறது. அதன் அம்மாவும் எங்கோ தண்ணீரில் மாட்டியிருந்தாள். காக்கிமா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அதன் முன்னால் மண்டி போட்டு என் மகள் ஒரு துண்டால் தன் முகத்தை மூடினாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு துண்டை இழுத்து, "டுக்கி!" என்றாள். வங்காளிப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது சொல்வது. குழந்தை விக்கலுக்கு நடுவில் சிரித்தது. மறுபடி மூடினாள். துண்டுக்குள்ளிருந்தே, நல்ல வங்க மொழியில், பெரிய மனுஷிபோலச் சொன்னாள்: "அழக்கூடாது. தெருவுல ஜோல். அம்மா வந்துட்டே இருக்கா. வந்தாச்சுன்னு வெச்சுக்கோ." ஜோல் என்றால் தண்ணீர்.

வீட்டில் இவள் சட்டைப் பொத்தான் போடக்கூட என்னைக் கூப்பிடுகிற குழந்தை. எனக்கு இவளைத் தெரியாது. நான் இல்லாத இடத்தில் இப்படி ஒருத்தி இருந்துகொண்டிருக்கிறாள். தினமும், திரைக்கு அந்தப் பக்கம். போகலாம், இவள் இருந்துகொள்வாள் என்று முதல் தடவையாக உறுதியாகத் தோன்றியது. அதே நேரம் யாரோ என்னிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டதுபோலவும் இருந்தது.

திரையை விலக்கினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நீ இன்னும் வரல. போ. இன்னும் ஒரு டுக்கி இருக்கு" என்றாள். காக்கிமா சத்தமில்லாமல் சிரித்து, போ என்று விசிறியால் காட்டினார். மறுபடி இருட்டில் போய் நின்றேன்.

மாடிப்படி ஏறும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நீ ஒளிஞ்சிருந்தியா?"

"கொஞ்ச நேரம்."

"எனக்குத் தெரியுமே."

"எப்படி? உள்ளேர்ந்து தெரியாதே."

"திரைக்குக் கீழேர்ந்து தண்ணி வந்துது. உன் செருப்புத் தண்ணி."

படியில் நின்றுவிட்டேன். என் புடவையிலிருந்தும் செருப்பிலிருந்தும் வடிந்த தண்ணீர் திரைக்கு அடியில் ஓடி அறைக்குள் போயிருக்கிறது. எமர்ஜென்சி விளக்கில் அது மின்னியிருக்கும். நான் நிற்பது தெரிந்தேதான் அம்மா வந்துட்டே இருக்கா என்று சொல்லியிருக்கிறாள். நான் பார்த்தது நான் இல்லாத இடத்துக் குழந்தையை இல்லை. எங்கள் மொழியில் சொன்னால், கசிவு இருந்திருக்கிறது. அப்படியானால் அந்தத் தைரியம் அவளுடையதா, என் செருப்புத் தண்ணீரைப் பார்த்து வந்ததா? தண்ணீர் வராமல் இருந்திருந்தால் அந்தச் சின்னக் குழந்தையிடம் என்ன சொல்லியிருப்பாள்?

கணவரிடம் சொன்னபோது, "நீ ஒரு சந்தோஷத்தையாவது அப்படியே வெச்சுக்கக் கூடாதா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, நானும் கணவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மகளிடம் சொன்னேன். முன்னதாக ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோய், "அம்மா பூஜைக்கு அப்புறம் மலைக்குப் போகணும். பாப்பா கோளைப் பார்க்க. ரொம்ப நாள்" என்று மட்டும் வந்தது.

அவள் கையில் மெலிசான ஆரோரூட் பிஸ்கட். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதை இன்னொரு கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். கையை நீட்டினாள், பக்கத்தில் கொண்டுவந்தாள். தூரத்தில் பிடித்தால் என் மூக்கு மட்டும் மறைந்திருக்கும், கண்ணருகில் வைத்தால் முழு ஆளும். சரியான இடம் கிடைத்ததும் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, "அம்மா போயாச்சு" என்றாள்.

மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

பிறகு பிஸ்கட்டின் ஓரத்தை ஒரு கடி கடித்தாள். மறுபடி கண்ணருகே வைத்தாள். "ஓட்டை. அம்மா கண்ணு தெரியறது." இன்னொரு கடி. "காது." கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுவதையும் தின்று முடித்து, "வந்தாச்சு. இன்னொண்ணு குடு" என்றாள்.

அன்று சாயந்திரம், மறுபடி யோசிப்பதற்குள், வருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இப்போது ரயில் பாதை ஓரத்தில் காஷ் என்னும் நாணல் பூ வெள்ளையாக நிற்கிறது. பூங்காவில் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறார்கள். நிரலைத் தளர்த்திவிட்டேன். படங்களில் கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, கோள்களும் இருக்கின்றன. ஆனால் வீட்டில் எவ்வளவு தளர்த்துவது என்று தெரியவில்லை. தினமும் வீடியோவில் முகம் காட்டு, ரயில் மாதிரி ஒரே நேரத்துக்கு வா என்கிறார் கணவர். காக்கிமாவுக்கு அது பிடிக்கவில்லை. "தினம் போன்ல வந்து நிக்கறதும் அரைகுறையா நிக்கறதுதான், பௌமா" என்கிறார். அக்காவும் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டாள். "நீ கட்டின பொடவை ஒண்ண தொவைக்காம போட்டுட்டுப் போ, புள்ள அதப் புடிச்சுக்கிட்டுத் தூங்கட்டும். கெளம்புறப்ப சொல்லிக்கிட்டு நிக்காத, தூங்குறப்பவே போயிரு" என்கிறாள். இங்கே யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. வாசலில் நின்று வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படித்தான் சொல்கிறோம். தூங்குகிற குழந்தையிடம் அதைச் சொன்னால் சொன்னதாகுமா?

பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்காகத் தூரம் போய் வந்த தாய்மார்கள் இதைப் படித்தால், எப்படிக் கிளம்பினீர்கள், எவ்வளவு வெளிச்சத்தை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று எழுதுங்கள். முகமா, குரலா, புடவையா? எது ஆறுதல் தந்தது, எது அழவைத்தது?

இன்னும் ஒன்று. அப்படி விட்டுவிட்டுப் போன அம்மாவுக்குப் பிள்ளையாக இருந்து, இன்று வளர்ந்துவிட்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் எழுதுங்கள். என் மகளின் கேள்விக்குப் பதில் உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும். அம்மா கண்ணில் படாமல் இருந்த அந்த நாட்களில், அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்ததா? எதை வைத்துத் தெரிந்தது? பூஜைக்கு முன்னால் எனக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும்.